ஒரு வளவு, இரண்டு அடுப்பு

மட்டக்களப்பு, கல்லடி உப்போடையில் என் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி, சீற் கூரை, வெளியே தனியாக ஒரு மலசலகூடம். அதில் எங்கள் அம்மா இருக்கிறார். முன்னால் உள்ள பெரிய வீடும் அம்மாவும் அப்பாவும் கட்டியதுதான். அக்காவின் கலியாணத்துக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஒன்றரை வருஷம் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு மூத்த பிள்ளை பிறந்ததும் அம்மாவும் அப்பாவும் பின்வளவில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு மாறினார்கள். அன்றைக்கு அந்தக் குசினியில் பால் பொங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடுப்பு தனியானால் வீடு தனி. அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இது யாருக்கும் புதுக் கதை இல்லை. கடப்படியில் நின்று பார்த்தால் ஒரு வீடு தெரியும். உள்ளே போனால் பின்னால் தாய் தகப்பனுக்கு ஒன்று, பக்கத்தில் இரண்டாவது மகளுக்கு அத்திவாரம் மட்டும் போட்ட ஒன்று. நொச்சிமுனை, நாவற்குடா, கூழாவடி, இருதயபுரம் என்று எந்தக் குறுக்கு வீதிக்குள் போனாலும் இப்படித்தான். இதில் வாடகைக்குக் கொடுப்பதை அனெக்ஸ் என்கிறோம். குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் அதற்குப் பெயர்கூட இல்லை, ‘பின் வீடு’ அவ்வளவுதான். ஊரில் பாதிக் குடும்பம் இப்படி இருக்கும்போது, அந்தப் பின் வீட்டுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று கேட்டால் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. கட்டி முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது. அப்போது பதில் விலை கூடியதாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அப்பா பிளான் போடவில்லை. “அண்ணன், பின்னுக்கு ரெண்டு அறைதானே, அதுக்கு எவன் பிளான் கேட்பான்?” என்றார் மேசன். யாரும் கேட்கவில்லைதான். பல வருஷம் கழித்து அக்கா முன் வீட்டுக்கு மாடி எடுக்க வங்கிக்கு லோனுக்குப் போனபோது, காணியில் உள்ள எல்லாக் கட்டடத்துக்கும் பிளானும் இணக்கச் சான்றிதழும் (பிளான்படிதான் கட்டியது என்று சபை கொடுப்பது) கேட்டார்கள். பின் வீட்டுக்கு இரண்டும் இல்லை. லோன் எட்டு மாதம் இழுபட்டது. அந்த எட்டு மாதத்தில் நான் ஏறி இறங்கிய படிகளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இங்கே இப்படி? யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை போல மட்டக்களப்புக்கு முக்குவர் சட்டம் என்று ஒரு வழமை இருந்தது. சொத்து தாய்வழியாக இறங்கும். 1876 ஆம் ஆண்டுத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அந்த வழமை நீதிமன்றத்தில் செல்வாக்கிழந்தது. ஆனால் வீட்டு வாசலில் அது சாகவில்லை. தாய்வழிக் குடி (குல) முறை கோயில் திருவிழாவில் நிற்கிறது. வீடு மகளுக்கு என்ற வழக்கம் கலியாணத்தில் நிற்கிறது. தமிழர்களுக்கு மட்டும் அல்ல, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கும் இதே வழக்கம்தான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்: மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், கொஞ்சக் காலம் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள், அப்புறம் பெற்றோர் அந்த வீட்டை மகளிடம் விட்டுவிட்டு அடுத்த பிள்ளைகளோடு வேறொரு வீட்டுக்கு, பெரும்பாலும் பக்கத்திலேயே, நகர்கிறார்கள்.

இதைச் சொல்வதால் சீதனத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பெண் பிள்ளைகளுக்கு மூன்று வீடு என்று கணக்குப் போட்டு, குவைத்திலும் சவூதியிலும் அடுத்தவர் வீட்டுக் குசினியில் இருபது வருஷம் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தப் பாரம் கொடுமையானது. ஆனால் பெண்ணின் பேரில் உறுதி (காணிப் பத்திரம்), பெண்ணின் காலடியில் நிலம், கூப்பிடு தூரத்தில் தாய் என்ற ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைத் தாங்கி நிற்பது பின் வீடுதான். அதனால்தான் அதற்கு ஒழுங்கான பத்திரம் வேண்டும் என்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கட்டட அனுமதி என்பது இங்கே புதிது இல்லை. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் மூத்தது. நகர எல்லைக்குள் பிளான் கொடுத்து அனுமதி வாங்காமல் கட்டக்கூடாது, கட்டி முடித்ததும் சான்றிதழ் இல்லாமல் குடிபோகக்கூடாது என்று அது சொன்னது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அந்தச் சபையின் கீழ் வர்த்தமானியில் பிரகடனம் செய்த பகுதிகளில், அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தக் கட்டட வேலையும் செய்யக்கூடாது என்பதை 1982 ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. அளவுகளைச் சொல்லும் ஒழுங்குவிதிகள் 1986 இல் வந்தன. 2021 இல் அவற்றைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். நாம் போய் நிற்பது என்னவோ மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் மேசைக்கு முன்னால்தான், ஏனென்றால் அதிகாரத்தின் பெரும்பகுதியை அந்தச் சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இந்த ஒழுங்குவிதிகள் அளப்பது காணித் துண்டையும் கட்டடத்தையும். குடும்பத்தை அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு பத்துப் பேர்ச் வளவை எடுத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. நாற்பது அடி முகப்பும் அறுபத்தெட்டு அடி நீளமும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் காணியில் கட்டடம் மூடக்கூடிய நிலப்பரப்பு பொதுவாக 65 வீதம். அந்தந்த ஊருக்கென்று வர்த்தமானியில் வரும் அபிவிருத்தித் திட்டம் வேறு அளவு சொன்னால் அதுதான் செல்லும். 65 வீதம் என்றால் சுமார் 1,770 சதுர அடி. முன் வீடு ஆயிரம், பின் வீடு நானூறு என்றாலும் 1,400தான். ஆக, மூடும் பரப்பில் பிரச்சினை இல்லை. “வளவுக்குள்ள ரெண்டாவது வீடு கட்டச் சட்டம் விடாது” என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் பிழை.

அப்போ எங்கே முட்டுகிறது? மூன்று இடத்தில்.

ஒன்று, பின்பக்க வெளி. கட்டடத்துக்கும் பின் எல்லைக்கும் நடுவில் காற்றும் வெளிச்சமும் வர இடம் விட வேண்டும். எல்லையோடு ஒட்டி நிற்கும் சுவரில் ஜன்னல் வைக்க விடமாட்டார்கள். நம்முடைய பழக்கமோ பின் வேலியோடு ஒட்டிக் கட்டுவது. முன்னால் முற்றம் கிடைக்கும், மாமரத்தை வெட்டத் தேவையில்லை என்ற நினைப்பு. அந்தப் பழக்கம் கிடுகு வேலிக் காலத்தில் வந்தது. கிடுகு வேலிக்குள்ளால் காற்று வரும். இப்போது எல்லாரும் ஆறடி மதில் கட்டியிருக்கிறோம். மதிலோடு ஒட்டிய அறையில் வைகாசி, ஆனி மாதத்து வெயிலில் ஒரு வயசான மனிசி படுத்திருப்பதை யோசித்துப் பாருங்கள். இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவின் அறையில் பின் ஜன்னல் இல்லை. பகல் பதினொரு மணிக்குப் பிறகு அவர் அங்கே இருப்பதில்லை, அக்காவின் முன் விறாந்தைக்கு வந்துவிடுவார்.

இரண்டாவது, துண்டு பிரிப்பது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே காணியில் இரண்டு வீடு கட்டுவது வேறு, காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு உறுதி எழுதுவது வேறு. பிரிப்பதென்றால் ஒவ்வொரு துண்டும் பொதுவாகக் குறைந்தது 150 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச் இருக்க வேண்டும். பத்துப் பேர்ச்சில் ஆறும் ஆறும் வராது. சரி, பன்னிரண்டு பேர்ச் இருந்தால் போதுமா? போதாது. பின் துண்டுக்கு வழி வேண்டும், அந்த வழி 3 மீட்டராவது, பத்தடி, அகலம் இருக்க வேண்டும். பத்தடி அகலத்தில் நாற்பதடி நீளத்துக்கு ஒரு ஒழுங்கை விட்டால் நானூறு சதுர அடி போய்விடும். ஒன்றரைப் பேர்ச். ஆகவே பதின்மூன்றரைப் பேர்ச்சாவது இல்லாமல் முன் பின் என்று இரண்டாகப் பிரிக்கும் கதையே எழாது. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரையில் இன்றைக்கு அவ்வளவு வளவு யாரிடம் இருக்கிறது? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. அங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவுகள் உண்டு. ஆனால் அங்கே தடை வேறு மாதிரி.

படுவான்கரையிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் நிறையக் காணி பேமிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. பேமிட்டாக (அனுமதிப்பத்திரம்) இருந்தாலும் அளிப்பாக (கிராண்ட்) இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் பிரிக்கவோ கைமாற்றவோ முடியாது. இதில் எங்கள் பகுதிக்கு இன்னொரு வலியும் இருந்தது. காணிக்காரர் தனக்குப் பின் காணி போக வேண்டிய பின்னுரித்தாளரின் பெயரைப் பதியாமல் இறந்தால், அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகன்மாருக்குத்தான் முதலிடம். வீடு மகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊரில், கொழும்பில் எழுதிய அட்டவணை மகனைத் தேடிப் பிடித்தது. அப்பா இறந்த பிறகு வீட்டில் இருந்த தங்கையிடம் அண்ணன் காணியைக் கேட்ட வழக்குகள் எத்தனை. 2022 இல்தான் அந்த ஆண் முன்னுரிமையைத் திருத்தினார்கள். எண்பத்தேழு வருஷம் கழித்து.

மூன்றாவது முட்டு, எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது, குழி.

மட்டக்களப்பு நகரம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் இருக்கிறது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டித் தெற்கே கல்முனை வரை அதே ஒடுங்கிய மணல் திட்டு. மண்வெட்டியால் நாலு அடி, ஆறு அடி தோண்டினாலே தண்ணீர். மழைக்காலத்தில் அதுகூட வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதே மணலுக்குள்தான் மலசலகூடக் குழியையும் இறக்குகிறோம். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

லோன் பிரச்சினை வந்த நாட்களில் நானும் அக்காவின் மகனும் ஒரு நாள் மெசரிங் டேப்பைப் பிடித்துக்கொண்டு வளவை அளந்தோம். கிணறு முன் இடப் பக்க மூலையில். முன் வீட்டுக் குழி வலப் பக்கச் சுவரோரம். கிணற்றிலிருந்து நாற்பத்திரண்டு அடி. பின் வீட்டுக் குழி பின் மூலையில். எங்கள் கிணற்றிலிருந்து எழுபதடிக்கு மேல். நல்லது என்று நினைத்தோம். அப்புறம் மருமகன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மாமா, அங்கால அன்ரி ஆக்கள்ற கிணறு இருக்கு” என்றான். டேப்பின் ஒரு முனையை மதிலுக்கு மேலால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து இழுத்துப் பார்த்தோம். முப்பத்தொரு அடி. அப்பா அந்தக் குழியைத் தோண்டும்போது எங்கள் கிணற்றிலிருந்துதான் தூரம் பார்த்திருக்கிறார். பக்கத்து வளவில் இருப்பதும் கிணறுதான் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த அன்ரி எத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்? அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடதாசியில் வரைந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாற்பதுக்கு அறுபத்தெட்டு அடி வளவில், கிணற்றைச் சுற்றி ஐம்பதடி ஆரையில் ஒரு வட்டம் போடுங்கள். வளவின் பெரும்பகுதி வட்டத்துக்குள் விழும், பின்னால் ஒரு கீற்றுத்தான் மிஞ்சும். பக்கத்து வளவுக் கிணறு, பின் வளவுக் கிணறு என்று மூன்று வட்டம் போட்டால் அந்தக் கீற்றும் போய்விடும். ஒரு வீட்டுக்கே இடம் இல்லாத இடத்தில் இரண்டாவது குழி எங்கே போகும்? ஆகவே பின் வீட்டுக்கு உண்மையான எல்லையைச் சுவர் போடவில்லை, மூடும் பரப்பும் போடவில்லை. நிலத்தடி நீர் போடுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பெரிய செப்டிக் டேங்க், அடியும் பக்கமும் சீமெந்து பூசி இறுக்கியது, ஒழுங்கான இடத்தில் ஒரே ஒரு உறிஞ்சு குழி என்பது இரண்டு சின்னக் குழியை விட நல்லது. இடமே இல்லை என்றால் முழுதாக மூடிய தொட்டி கட்டி, நிரம்பும்போது சபையின் பவுசரைக் கூப்பிட்டு இழுக்க வேண்டும். அதற்குப் பவுசரின் குழாய் எட்டும் தூரத்தில் வழி வேண்டும். பின் வீட்டுக்குப் போக மூன்றடி ஒடுங்கல் மட்டும் விட்டுக் கட்டியவர்கள் அப்போதுதான் கஷ்டப்படுகிறார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு நகரத்தில் குடிக்கக் கிணற்றை நம்பும் வீடுகள் குறைந்துவிட்டன, அது பெரிய ஆறுதல். ஆனால் குழாய் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றைக் குழியாக நினைக்கக்கூடாது. வரட்சி வந்தால் எல்லாரும் திரும்பிப் போவது கிணற்றுக்குத்தான். நாங்கள் அம்மா வீட்டுக் குழியை மூடி, குழாயை முன் வீட்டுப் புதுத் தொட்டிக்கு இழுத்தோம். செலவு வந்தது. அதைப் பிளானோடு முதலே செய்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும்.

வெள்ளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பின் வளவு பெரும்பாலும் தாழ்ந்த பக்கம். மழைத் தண்ணீர் போய் நின்று வடியும் இடம். அதை மண் போட்டு உயர்த்தி வீடு கட்டினால் தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும். வாவியோரத் தாழ்நிலத்தை நிரப்புவதற்கும் தனி அனுமதி வேண்டும். வயல் என்றால் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு லோட் மண்கூடக் கொட்ட முடியாது.

கடற்கரைப் பக்கத்துக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி கடலிலிருந்து உள்ளே 300 மீட்டர் வரை கரையோர வலயம். நாவலடி மாதிரி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் இடத்தில் வலயத்துக்கு வெளியே நிற்க இடமே இல்லை. சபையின் அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தெற்கில் 100 மீட்டரும் வடக்கு கிழக்கில் 200 மீட்டரும் கட்டக்கூடாத வலயம் என்றார்கள். ஒரே கடல், இரண்டு அளவு. பிறகு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் நாவலடி மக்கள் பலர் திராய்மடு மீள்குடியேற்றத்துக்குப் போய்விட்டார்கள்.

திராய்மடுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சுனாமி வீடு என்றால் அரசு வைத்த குறைந்த அளவு 500 சதுர அடி. பின்னர் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவுக்கு 550 சதுர அடி. வீடு இல்லாதவருக்கு அது பெரிய கொடை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் திட்டமும் ஒரு குடும்பம், ஒரு துண்டு, ஒரு வீடு என்றே கணக்குப் போட்டது. சுனாமி நேரம் ஐந்து வயசாக இருந்த பெண் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்துக்கு மேல். அவளுக்குக் கலியாணம் முடிந்து, அதே வளவில் ஒரு தகரப் பத்தி இறக்கி இருக்கிறாள். பக்கத்து வீட்டிலும் அதே கதை. திட்டம் வரைந்தவர்களில் ஒருவராவது எங்கள் ஊரில் மகள் கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பாள் என்று கேட்டிருந்தால், ஒவ்வொரு துண்டிலும் பின்னால் ஒரு அத்திவாரத்துக்கும் பொதுவான கழிவுத் தொட்டிக்கும் இடம் விட்டு வரைந்திருப்பார்கள். இனி வரும் வீட்டுத் திட்டங்களிலாவது அதைக் கேட்க வேண்டும்.

நிலம் முடிந்த இடத்தில் மக்கள் மேலே போகிறார்கள். காத்தான்குடியில் போய்ப் பாருங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதிலும் அப்படித்தான். கொங்கிரீட் தட்டுக்கு மேல் தூண் கம்பிகள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அடுத்த மகளின் வீடு அது. கீழே உம்மாவும் வாப்பாவும், மேலே மூத்த மகள், வெளிச்சுவரோடு ஒரு படி. இது சட்டத்தோடு நன்றாகப் பொருந்தும் வடிவம் என்பது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி உரிமைச் சட்டம் ஒரே கட்டடத்தின் பகுதிகளைத் தனித்தனி ஆட்களுக்கு உறுதி எழுத வழி செய்கிறது. நில அளவையாளர் ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டாதனப் பிளான் (கட்டடத்தின் எந்தப் பகுதி யாருக்கு என்று காட்டுவது) வரைய வேண்டும், சபை சான்றளிக்க வேண்டும், பதிய வேண்டும். நிலத்தை ஆறு பேர்ச்சாகப் பிரிக்க முடியாத குடும்பத்துக்கு இது கைகொடுக்கும். கொழும்பு மாடிக் குடியிருப்புகளுக்கு மட்டும் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: மேல் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் கீழ் அத்திவாரத்தை அன்றைக்கே அதற்கேற்றபடி போட்டிருக்க வேண்டும். மணலில் ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரத்தில் இரண்டு தட்டு ஏற்றக்கூடாது. பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் கம்பியை நீட்டி விடுவதில் பிரயோசனம் இல்லை.

பத்திரம் இல்லாத பின் வீடு அன்றாடம் எங்கே கடிக்கும் என்றால், மின்சாரப் பட்டியலில். வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். அம்மா வீட்டில் முப்பத்தைந்து அலகு, அக்கா வீட்டில் ஐம்பத்தைந்து என்று தனித்தனி மீற்றரில் ஓடினால் இரண்டும் குறைந்த பட்டியலில் நிற்கும். ஒரே மீற்றரில் தொண்ணூறு என்றால் இரண்டு ஏழைக் குடும்பமும் சேர்ந்து ஒரு வசதியான குடும்பத்தின் விலையைக் கட்டுகிறார்கள். தனி மீற்றருக்குப் போனால் தனி வீட்டு இலக்கம் இருக்கிறதா என்பார்கள். இலக்கம் சபையின் சோலை வரி (வீட்டு வரி)ப் புத்தகத்திலிருந்து வர வேண்டும். சபைக்குப் போனால் பிளான் பாஸ் பண்ணியதா என்பார்கள். தண்ணீர் இணைப்பும் இதே வட்டம்தான். மேசன் சொன்ன “எவன் கேட்பான்” என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவு பேர்.

அனுமதி இல்லாமல் கட்டினால் சபை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கும் கட்டளை வாங்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கட்டிய பிறகு விதிக்குள் நிற்கும் கட்டடம் என்றால் அபராதம் கட்டி அனுமதி எடுக்க வழி உண்டு, நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். விதிக்குள் நிற்காததை எந்தக் காசும் காப்பாற்றாது.

எட்டு மாதத்தில் எனக்கு ஒரு யோசனை திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் சொந்தக்காரர் பாதிப் பேர் ஸ்காபரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அந்த ஊர்களில் ஒரு காலத்தில் பின் வளவில் இரண்டாவது வீடு என்றாலே ஆகாது. ஒரு துண்டுக்கு ஒரு வீடு என்பதைத்தான் வலயமிடல் சட்டம் அரண் போலக் காத்தது. வீட்டு வாடகை எகிறிய பிறகு இப்போது அவர்களே கதவைத் திறக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2009 இலிருந்து, 450 சதுர மீட்டர் காணி இருந்தால் 60 சதுர மீட்டர் வரை ஒரு ‘கிரானி பிளட்’ கட்டலாம். ரொறன்ரோ 2018 இல் பின் ஒழுங்கையைப் பார்த்த சின்ன வீடுகளுக்கும் 2022 இல் தோட்டத்து வீடுகளுக்கும் அனுமதி கொடுத்தது. கலிபோர்னியாவில் 2020 இலிருந்து, விதிக்குள் நிற்கும் விண்ணப்பத்துக்கு உள்ளூர் சபை 60 நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும், 800 சதுர அடி வரை சின்ன வீட்டை மறுக்க முடியாது. அங்கேயும் தனி வீடு என்பதற்கு அடையாளம் தனிக் குசினியும் தனிக் குளியலறையும்தான். பால் பொங்கும் அடுப்பை வைத்து எங்கள் ஆட்கள் போட்ட கணக்கும் அதுதானே.

அந்த ஊர்ச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. அங்கே நிலத்துக்கு அடியில் சாக்கடைக் குழாய் ஓடுகிறது. இங்கே ஒவ்வொரு வளவும் தன் கழிவைத் தன் மணலுக்குள் இறக்குகிறது. எடுக்க வேண்டியது ஒன்றுதான்: சின்ன வீட்டுக்கென்று ஒரு தனிப் பாதை. ஐந்நூறு சதுர அடிக்கு உட்பட்ட, அதே வளவில் கட்டும் பின் வீட்டுக்கு, குழி எங்கே, கிணறு எங்கே, பக்கத்துக் கிணறு எங்கே, தண்ணீர் எங்கே வடியும் என்ற நாலு கேள்வியை முன்னால் வைத்து, சபையே இரண்டு மூன்று மாதிரிப் பிளானை மேசையில் வைத்திருந்து, குறித்த நாளுக்குள் முடிவு சொன்னால் போதும். பிளானுக்குக் கொடுக்கும் காசு பயத்தில்தான் பாதிப் பேர் சபைப் பக்கமே வராமல் கட்டுகிறார்கள். வராமல் கட்டுவதால்தான் அன்ரி வீட்டுக் கிணற்றுக்கு முப்பத்தொரு அடியில் குழி போகிறது.

கடைசியாக உறுதி. வீடு கட்டும் கதையில் இதை யாரும் பேசுவதில்லை. முழு வளவையும் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிய பிறகு தாய் பின்னால் வீடு கட்டினால், அந்த வீடும் சட்டப்படி நிலத்தோடு சேர்ந்து மகளுடையதாகிவிடுகிறது. தாயின் காசு, தாயின் உழைப்பு, ஆனால் தாய்க்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. “அது உங்கட வீடுதானே அம்மா” என்று வாயால் சொல்வது செல்லாது. 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் காணி உரித்து நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும். மகள் நல்லவள்தான். ஆனால் மகள் முந்திப் போய்விட்டால்? மருமகன் மறு கலியாணம் கட்டினால்? கடனுக்கு வளவு வங்கியில் போனால்? இதற்கு மருந்து உறுதியில் ஒரே ஒரு வாக்கியம், சீவிய உருத்து. தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் வரை இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை மகளுக்குக் கொடுப்பது. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று அதை எழுதாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் விட்டார். போன வருஷம் அக்காதான், யாரும் கேட்காமலே, நொத்தாரிசிடம் போய் அம்மாவுக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாள். உறுதி எழுதும் அன்றைக்கே கேட்டால் அது அம்மாவின் கையெழுத்தில் முடிந்திருக்கும். பிறகு கேட்டதால் அக்கா மனம் வைத்தால்தான் நடக்கும் என்று ஆகியிருந்தது.